கீழ் மூலையில் ஒரு புள்ளி

"மூச்சை நல்லா இழுங்க... அப்படியே நிறுத்துங்க... ம், விடுங்க."

ஒரு நாளைக்கு எண்பது தடவையாவது இதைச் சொல்லிவிடுவார் அவர். பெரிய மருத்துவமனை ஒன்றின் தரைத்தளத்தில், ஜன்னலே இல்லாத ஒரு அறையில், எக்ஸ்ரே எடுப்பது அவருடைய வேலை. கூட வேலை பார்ப்பவர்களுக்கு 'எக்ஸ்ரே சார்', மற்றவர்களுக்கு எக்ஸ்ரேக்காரர். பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே யாருக்கும் அவசியம் வந்ததில்லை. வருகிறவரின் சீட்டை வாங்கிப் பார்ப்பார். எந்த எலும்பு என்று பார்ப்பார். தோளைப் பிடித்து நேராக நிறுத்திவிட்டு, தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்வார். முகத்தை மட்டும் பார்க்கமாட்டார். கர்வமெல்லாம் ஒன்றுமில்லை. பதினெட்டு வருஷப் பழக்கம், அவ்வளவுதான்.

சில நாட்களில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைக்கும், இன்று முழுக்க அந்த மூன்று வாக்கியங்களைத் தவிர வேறொரு வார்த்தையும் வாயிலிருந்து வரவில்லை என்று.

வீட்டிலும் பேச ஆளில்லை. மனைவி பிரிந்துபோய் ஐந்து வருஷம் ஆகிறது. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. "சண்டை போடறதுக்காவது ரெண்டு வார்த்தை பேசணும்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் வாசல்வரை வந்து லிஃப்டுக்குப் பொத்தான் அழுத்திக் கொடுத்தார். அன்றைக்கும் அவருக்குச் சொல்ல எதுவும் தோன்றவில்லை.

அதற்கு அடுத்த வருஷம்தான் கேமரா வாங்கினார். முதலில் நிலாவை எடுத்தார். பிறகு நட்சத்திரங்கள். ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் டிரைபாடை ஊன்றி, கேமராவை வடக்குப் பார்த்துத் திருப்பி, அரை நிமிஷத்துக்கு ஒரு படமாக அது தானே எடுத்துக்கொண்டே இருக்கும்படி செய்துவிட்டு, கீழே வந்து படுத்துவிடுவார். நான்கு மணி நேரத்தில் நானூற்று எண்பது படங்கள். மறுநாள் அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஒவ்வொரு நட்சத்திரமும் நகர்ந்த தடம் ஒரு கோடாகத் தெரியும். துருவ நட்சத்திரத்தைச் சுற்றி வானம் முழுக்க வளையம் வளையமாக. கண்ணால் பார்த்தால் நகரத்துப் புழுதி வானத்தில் பத்து நட்சத்திரம்கூடத் தேறாது. அவருடைய திரையில் ஆயிரக்கணக்கில் சுழலும்.

எடுப்பதைவிட அவருக்குப் பிடித்தது, பிறகு உட்கார்ந்து சுத்தம் செய்வதுதான். விமானம் கிழித்துப் போன கோட்டை அழிப்பது, செயற்கைக்கோள் இழுத்த தடத்தை அழிப்பது, வானத்தின் அழுக்கு மஞ்சளைக் கழுவி நீலமாக்குவது என்று ஞாயிற்றுக்கிழமைகள் முழுசாகப் போய்விடும். முடித்ததும் இணையத்தில் வானம் படமெடுப்பவர்கள் கூடும் குழு ஒன்றில் போடுவார். அங்கே அவர் பெயர் 'இரவுப்பறவை'. "அருமை பறவையாரே!" என்று முகம் தெரியாதவர்கள் எழுதுவார்கள். அதைப் படித்துக்கொண்டே தட்டைக் கழுவி வைப்பார். திரையைத் திருப்பிக் காட்டி "இதப் பாரேன்" என்று சொல்லத்தான் ஆளில்லை.

இந்தப் படங்களுக்கு ஒரே ஒரு எதிரி இருந்தது. எதிர் பிளாக்கின் நான்காவது மாடி விளக்கு.

அந்தக் குடியிருப்பில் இரண்டு பிளாக்குகள் எதிரெதிராக நின்றன. அவருடைய படங்களில் எதிர் பிளாக்கின் மேல்பகுதி கீழே கறுப்பாக வரும். அதன்மேல் வளையங்கள் எழுந்தால்தான் படத்துக்கு அழகு. ஆனால் நான்காவது மாடி இடது ஓர வீட்டில், பால்கனிக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், விடிய விடிய ஒரு விளக்கு எரியும். நான்கு மணி நேரப் படத்தில் அது படத்தின் கீழ் மூலையில் வெள்ளையாக ஊதிப்போய்ப் பக்கத்துச் சுவரையே விழுங்கிவிடும். அதை மறைக்க, வேறிடத்து இருட்டைத் துண்டு துண்டாக எடுத்து அங்கே ஒட்ட வேண்டும். ஒரு வருஷமாக அதைச் செய்து செய்து அவருக்குக் கை வலித்துவிட்டது. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒரு புதன்கிழமை காலை, வேலைக்குப் போகும்போது காவலாளியிடம் நின்றார்.

"எதிர் பிளாக்குல நாலாவது மாடி, அந்த ஓர வீட்டுல ராத்திரி பூரா லைட் எரியுதே, யாரு?"

"அது ஒரு பெரியவர் சார். ரயில் இன்ஜின் டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவரு. சம்சாரம் போன வருஷம் தவறிட்டாங்க. தனியாத்தான் இருக்காரு."

"ராத்திரி பதினோரு மணிக்கு மேல அதைக் கொஞ்சம் அணைக்கச் சொல்ல முடியுமா? நான் நட்சத்திரத்தை போட்டோ எடுக்கறேன். அந்த வெளிச்சம் கெடுக்குது."

காவலாளி மண்டையைச் சொறிந்தார். "நீங்களே ஒரு வார்த்தை போய்ச் சொன்னீங்கன்னா..."

"எனக்கு டைம் இல்லப்பா. நீயே சொல்லிடு."

நேரம் இல்லாமல் இல்லை. முன்பின் தெரியாத ஒருவரின் கதவைத் தட்டி, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமே என்ற தயக்கம். சாயந்திரம் திரும்பி வந்தபோது காவலாளி சிரித்துக்கொண்டே எதிரில் வந்தார்.

"சொல்லிட்டேன் சார். மறுபேச்சு பேசல. 'நட்சத்திரத்தையா? பேஷா எடுக்கச் சொல்லு, இன்னிக்கே அணைச்சுடறேன்'னாரு. உங்களைப் பத்தித்தான் நோண்டி நோண்டிக் கேட்டாரு. எந்த மாடி, என்ன வேலை, எவ்வளவு நேரம் எடுப்பாருன்னு."

அன்று இரவே நான்காவது மாடி இருட்டாக இருந்தது. வியாழனும் வெள்ளியும் அப்படியே. ஒருநாள் போய் நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும் என்று நினைத்தார். எடுத்த படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுத்தால்கூட நன்றாயிருக்கும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை அமாவாசைக்கு மறுநாள். மேகம் துளியும் இல்லை. பதினோரு மணிக்குக் கேமராவை வைத்துவிட்டுக் கீழே வந்து படுத்தார். மூன்று மணிக்கு அலாரம் அடித்ததும் போய் எடுத்துக்கொண்டு வந்தார். மறுநாள் காலை படங்களை அடுக்கிப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நான்கு வருஷத்தில் அப்படி ஒரு படம் அமைந்ததில்லை. வளையங்கள் கத்தியால் கீறினாற்போலத் தெளிவாக இருந்தன. ஏழு விமானக் கோடுகளை அழித்தார். வானத்தை நீலமாக்கினார். கடைசியாகக் கீழே வந்தபோதுதான் அதைக் கவனித்தார். நான்காவது மாடிப் பால்கனிக் கதவின் அடிப்பக்கத்தில், கடுகு அளவுக்கு ஒரு மஞ்சள் புள்ளி.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரா!" என்று வாய்விட்டுச் சொன்னார். மவுஸை இரண்டு தடவை இழுத்தார். புள்ளி போய்விட்டது.

பத்தரை மணிக்குப் படத்தைக் குழுவில் போட்டார். சமையல் முடிப்பதற்குள் இருநூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதினார். இரண்டு மணி சுமாருக்கு ஒருவர் கேட்டார்: "பறவையாரே, இதே படங்களை வரிசையா ஓட்டி ஒரு வீடியோவாப் போடுங்களேன். வானம் சுத்தறதைப் பார்க்கணும்."

நல்ல யோசனையாகத் தோன்றியது. அடுக்காமல், நானூற்று எண்பது படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார். கணினி அதைச் செய்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மொத்தம் இருபது வினாடி வீடியோ. ஓடவிட்டார்.

வானம் சுழன்றது. ஒன்பதாவது வினாடியில் கீழ் மூலையில் ஏதோ மினுக்கென்றது. அவர் கண் அங்கே போனது. சலிப்போடுதான் போனது. இதையும் ஒவ்வொரு படமாக உட்கார்ந்து அழிக்க வேண்டுமே என்று அந்த இடத்தைப் பெரிதாக்கி, படம் படமாகத் தள்ளிப் பார்த்தார்.

மணி பன்னிரண்டே முக்கால். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் கோடு, இடுப்பு உயரத்தில். டார்ச் விளக்கு. யாரோ கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். அடுத்த படத்தில் கோடு இன்னும் கொஞ்சம் வலப்பக்கம். அதற்கடுத்த படத்தில் அது சட்டென்று வளைந்து கீழே இறங்கியிருந்தது. அதற்கடுத்த படத்தில் கோடு இல்லை. தரையோடு தரையாக ஒரு புள்ளி. அடுத்ததிலும் புள்ளி, அதற்கடுத்ததிலும் அதே இடத்தில் அதே புள்ளி.

அவர் விரல் அம்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனது. நகர்கிற வெளிச்சம் கோடாக விழும், நகராதது புள்ளியாக விழும் என்று நான்கு வருஷமாகத் தெரிந்தவர் அவர். கையில் இருக்கிற டார்ச் புள்ளியாக விழாது. இரண்டே கால் மணிநேரம் அந்தப் புள்ளி மயிரிழைகூட நகரவில்லை. பேட்டரி தீரத் தீர மஞ்சள் சிவந்து, கடைசிப் படத்தில் நெருப்பு அணைந்த திரி மாதிரி இருந்தது.

மணியைப் பார்த்தார். மூன்றரை தாண்டியிருந்தது. இந்தப் புள்ளியைக் காலையில் தன் கையாலேயே அழித்தது நினைவுக்கு வந்தது. அழித்துவிட்டு, சமைத்து, சாப்பிட்டு, இருநூறு பேருக்கு நன்றியும் சொல்லியிருக்கிறார்.

லிஃப்டுக்குக்கூட நிற்காமல் வெறுங்காலோடு படியிறங்கி ஓடினார். "நாலாவது மாடி! பெரியவரு!" என்று அவர் கத்திக்கொண்டு வந்ததைப் பார்த்துக் காவலாளி பயந்து எழுந்து நின்றார். அந்த மனிதர் குரலை உயர்த்திக் காவலாளி கேட்டதே இல்லை.

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அழைப்பு மணியை அடித்தார்கள். கதவைத் தட்டினார்கள். சத்தம் கேட்டு எதிர் வீட்டு அம்மாள் வெளியே வந்தார்.

"காலையில ஏதோ தட்டற மாதிரி கேட்டுச்சு. யாரோ ஆணி அடிக்கறாங்கன்னு நினைச்சேன்..." என்று இழுத்தவர், அவர்கள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

எக்ஸ்ரேக்காரர் கதவில் காதை வைத்தார். "ஐயா! ஐயா, உள்ளே இருக்கீங்களா?"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தரையில் இரும்பு தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். டக். அப்புறம் இன்னொன்று. டக்.

காவலாளி கீழே ஓடிக் கடப்பாரையை எடுத்து வந்தார். இரண்டாவது நெம்பலில் தாழ்ப்பாள் பிய்ந்தது.

கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே பெரியவர் கிடந்தார். அணைந்துபோன இரும்பு டார்ச் கையில் இருந்தது; விடிந்தபின் எட்டி எடுத்து அதால்தான் தரையைத் தட்டியிருக்கிறார். நாற்காலி ஒன்று கவிழ்ந்திருந்தது. இருட்டில் அது இடறியிருக்கிறது. போன் அந்தப் பக்கம் மேஜையில் இருந்தது, எட்டாத உயரத்தில். காவலாளி அவரைத் தூக்கப் போனார்.

"தொடாதே! காலைத் தொடாதே!" என்றார் எக்ஸ்ரேக்காரர். வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி, கால் ஒரு விரற்கடை குட்டையாகத் தெரிந்தது. இடுப்பு எலும்பு. இந்த மாதிரி எத்தனையோ கால்களை அவர் மேஜையில் கிடத்திப் படம் எடுத்திருக்கிறார். வீட்டுத் தரையில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பெரியவரின் உதடு வெடித்திருந்தது. எக்ஸ்ரேக்காரர் துணியை நனைத்து வாயில் வைத்தார். கண் திறந்தது. அந்த முகத்தை அவர் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அன்று அவருக்கு விடுமுறை. ஆனாலும் ஆம்புலன்ஸில் கூடவே போனவர், தன் அறைக்குள் நுழைந்து, பணியில் இருந்தவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே படம் எடுத்தார்.

"கொஞ்சம் அசையாம இருங்க ஐயா."

"நேத்து ராத்திரியிலேர்ந்து அதைத்தான் தம்பி செஞ்சுட்டிருக்கேன்" என்றார் பெரியவர்.

தடுப்புக்குப் பின்னால் நின்றவருக்கு இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பொத்தானை அழுத்தும் முன் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை முடிந்தது. எக்ஸ்ரேக்காரர் இணையக் குழுவிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டார். ஏன் என்று பலர் கேட்டார்கள். அவர் பதில் எழுதவில்லை. வேலை முடிந்ததும் நேராக மூன்றாவது மாடி வார்டுக்குப் போய்ப் பெரியவர் பக்கத்தில் உட்காருவார். இரண்டு நாள் சொல்ல வாய் வரவில்லை. வியாழக்கிழமைதான் சொன்னார்.

"ஐயா, லைட்டை அணைக்கச் சொன்னது நான்தான்."

"தெரியுமே. அஞ்சாவது மாடி, எக்ஸ்ரே. காவலாளி சொன்னான்."

"அந்த லைட் எரிஞ்சிருந்தா நீங்க விழுந்திருக்க மாட்டீங்க."

பெரியவர் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

"முப்பத்தஞ்சு வருஷம் ராத்திரி வண்டி ஓட்டினவன் தம்பி நான். ராத்திரியில தூக்கம் வராது. அவ இருந்தவரைக்கும் அவளும் முழிச்சுட்டிருந்து ஏதாவது பேசுவா. அவ போனப்புறம் லைட்டைப் போட்டுட்டு சும்மா உக்காந்திருப்பேன்."

"அப்புறம் எதுக்குய்யா அணைச்சீங்க? 'முடியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கம்முனு இருந்திருப்பேன்."

"எப்படிச் சொல்றது? இந்த ஒரு வருஷத்துல என்கிட்ட யாரும் எதுவும் கேட்டதில்ல. வேண்டாததுகூடக் கேட்டதில்ல. முதல் முதலா ஒருத்தர் ஆளனுப்பி, 'உங்களால ஒரு உபகாரம் ஆகணும்'னு கேட்டிருக்காரு. விட்டுடுவேனா? மூணு நாளும் இருட்டுல உக்காந்து, 'நமக்கும் அதுல ஒரு பங்கு இருக்கு, இப்ப ஒரு மனுஷன் நம்மளால நட்சத்திரத்தைப் புடிச்சுட்டிருக்கான்'னு சந்தோஷமாத்தான் இருந்தேன்." போர்வையை விட்டுவிட்டு, "நீங்க வருவீங்கன்னு நினைச்சேன்" என்றார்.

எக்ஸ்ரேக்காரர் தலை குனிந்தார். எதிர் பிளாக்குக்கு நடந்துபோக இரண்டு நிமிஷம் ஆகாது. அந்த இரண்டு நிமிஷத்தை மிச்சம் பிடித்துத்தான் அவர் வானத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

அப்போது எக்ஸ்ரேக்காரரின் போன் அடித்தது. பெரியவரின் மகன். விமானத்தில் வர வேண்டிய தூரத்தில் வேலை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மருத்துவரிடம் பேசினான், நர்ஸிடம் பேசினான், தினமும் எக்ஸ்ரேக்காரரிடமும் பேசினான். வேண்டிய ஏற்பாடெல்லாம் குறையில்லாமல் செய்துவிட்டான். ஒவ்வொரு தடவையும், "அப்பா தூங்கட்டும் சார், தொந்தரவு பண்ண வேணாம்" என்று வைத்துவிடுவான். அப்பா ஒரு தடவைகூடத் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. போன் வரும்போதெல்லாம் கூரையைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, காதை இந்தப் பக்கம் வைத்திருப்பார்.

"சார், நீங்க செஞ்ச உதவியை மறக்கவே மாட்டேன்" என்றான் மகன். "ஒரு முடிவுக்கு வந்துட்டேன். அப்பா வீட்டுக்குப் போனதும் ரூமுக்கு ஒண்ணா நாலு கேமரா மாட்டிடறேன். இங்கேர்ந்தே போன்ல பார்த்துக்கலாம். இருட்டுலகூடத் தெளிவாத் தெரியுமாம். உங்களுக்குத்தான் கேமரா பத்தி நல்லாத் தெரியுமே, எது வாங்கலாம்னு ஒரு யோசனை சொல்லுங்க."

எக்ஸ்ரேக்காரர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷமாக யாரிடமும் மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசாத மனிதர் அன்றைக்குப் பேசினார்.

"தம்பி, எங்கிட்ட நல்ல கேமராதான் இருக்கு. அன்னிக்கு ராத்திரி உங்கப்பா விழுந்ததை அது எடுத்துச்சு. விழுந்து கிடந்ததை இருநூத்தி எழுபது படம் எடுத்துச்சு. காலையில அந்தப் படத்தை நான்தான் திறந்தேன். கீழ் மூலையில ஒரு புள்ளி தெரிஞ்சது. படம் அழகா வரணுமேன்னு அதை அழிச்சேன். அந்தப் புள்ளி உங்கப்பா."

அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"கேமரா எடுக்கும் தம்பி. பார்க்காது. பார்க்கறது மனுஷன் செய்ய வேண்டிய வேலை. பக்கத்துல இருக்கறவன் கதவைத் தட்டிப் பார்க்கணும், தூரத்துல இருக்கறவன் கூப்பிட்டுப் பேசணும். ரெண்டையும் விட்டுட்டு எத்தனை கேமரா வெச்சாலும், நமக்கு இடைஞ்சலாத் தெரியறதை நாம அழிச்சுட்டுத்தான் இருப்போம். நான் அழிச்ச மாதிரி. இனிமே அவர் வீட்டு லைட் ராத்திரி பூரா எரியும். அதை நான் பார்த்துக்கறேன். உங்க பங்கை நீங்க பாருங்க."



"சார்," என்றான் மகன், "அப்பாகிட்ட போனைக் குடுங்க."